குழந்தைகளுக்கான மருத்துவப் பெட்டி: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

பெரியவள் பிறந்த வாரம் அக்கா கொண்டுவந்து கையில் கொடுத்த பெட்டி இது. அவளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. சின்னவனுக்கு ஏழு மாதம். இரண்டு பேருடைய காய்ச்சல், சளி, வாந்தி பேதி எதுவானாலும் முதலில் இந்தப் பெட்டியைத்தான் திறந்திருக்கிறேன். ஜிப் ஒருமுறை போய் மாற்றியும் ஆகிவிட்டது. வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே இருக்கும் சில பொருள்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியவை. வேறு சில, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இருக்கவே கூடாதவை.

அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், நெற்றிக்கு நேராகக் காட்டும் தெர்மாமீட்டர், ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச், நிப்பிள் வடிவத்தில் மருந்து ஊட்டும் குப்பி, மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் பந்து, நெற்றியில் ஒட்டும் குளிர்ச்சிப் பட்டைகள், பல் முளைக்கும்போது ஈறில் தடவும் ஜெல், வாந்தி பேதியின்போது தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு, சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு, நகவெட்டி, சீப்பு, ஒரு சின்னக் கையேடு. இவ்வளவும் இருந்தன. மூன்று வருடத்தில் நான் கண்டது இதுதான்: அளப்பதற்கென்று வந்தவை கைகொடுத்தன. குணமாக்குவதற்கென்று வந்தவற்றில் ஓஆர்எஸ் தவிர எதுவும் கைகொடுக்கவில்லை.

சிரிஞ்சிலிருந்து தொடங்குகிறேன். பெட்டியைத் திறந்தபோது நான் கவனிக்காமல் ஓரமாகப் போட்ட பொருள் அது. பெரியவளுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது 102 டிகிரி காய்ச்சல் வந்தது. அவள் எடை 8 கிலோ. மருத்துவர் பாராசிட்டமால் சொட்டு மருந்து 1.2 மி.லி. எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. இரண்டாம் நாள் மருந்து தீர்ந்துபோய், என் கணவர் போய் வாங்கி வந்தார். அதே மருந்து, அதே நிறத்தில் அட்டைப்பெட்டி. இரவு பத்து மணிக்கு 1.2 மி.லி. கொடுத்தோம். இறங்கவில்லை. மூன்று மணிக்கு மறுபடி 1.2 மி.லி. அப்போதும் இறங்கவில்லை. பிள்ளை கொதித்துக்கொண்டு என் தோளில் முனகியபடியே கிடந்தாள். விடிந்ததும் ஓடினோம். மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, “எந்த பாட்டில்ம்மா? கொண்டுவந்திருக்கீங்களா?” என்பதுதான்.

கொண்டு போயிருந்தோம். அது சொட்டு மருந்து இல்லை, சிரப். எங்களிடம் முதலில் இருந்த சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து. சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 120 மில்லிகிராம். அவள் எடைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 120. நாங்கள் கொடுத்தது 29 கூட இல்லை. “இது பரவாயில்லம்மா, குறைவாத்தான் போயிருக்கு. இதே தப்பு திரும்பி நடந்திருந்தா?” என்றார் அவர். அதாவது சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி.யைச் சொட்டு மருந்தில் எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரே வேளையில் 500 மில்லிகிராம், வேண்டியதைப் போல நான்கு மடங்குக்கு மேல். பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் ஈரலைக் கெடுக்கும். அதைக் கேட்டதும் என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து மருந்து எழுதும்போதே எத்தனை மில்லி என்பதோடு எத்தனை மில்லிகிராம் என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். பாராசிட்டமால் கணக்கு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஒவ்வொரு வேளைக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. மூன்று மாதத்துக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் பார்க்காமல் கொடுப்பதே இல்லை.

இந்த அளவையெல்லாம் வீட்டு ஸ்பூனில் எடுக்க முடியாது. ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. சிரிஞ்சில் கோடு பார்த்து இழுத்தால் சரியாக வரும். கொடுக்கும் முறையும் இரண்டு மூன்று தடவை துப்பிய பிறகுதான் பிடிபட்டது. பிள்ளையை மடியில் சற்று நிமிர்த்தி உட்காரவைத்து, முனையைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து, கொஞ்சம் தள்ளி, அவள் விழுங்கியதும் அடுத்ததைத் தள்ள வேண்டும். நேரே தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறும். குறை என்றால், கோடுகளை வெறும் மையில் அச்சிட்டிருக்கிறார்கள். வெந்நீரில் கழுவிக் கழுவி நான்கு மாதத்தில் 2-க்குக் கீழே இருந்த கோடுகள் மறைந்துவிட்டன. கைக்குழந்தைக்கு வேண்டியதே அந்தக் கோடுகள்தான். இப்போது மருந்துக்கடையில் கேட்டு 1 மி.லி. சிரிஞ்ச் தனியாக வைத்திருக்கிறேன். நிப்பிள் வடிவக் குப்பியை இரண்டு முறைக்கு மேல் தொடவில்லை. மருந்தில் பாதி மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது.

அடுத்தது தெர்மாமீட்டர். இரண்டு இருப்பதால் ஒன்று போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நெற்றிக்குக் காட்டுவது ஒரு நொடியில் எண்ணைச் சொல்லிவிடும், தூங்கும் பிள்ளை எழாது. அதனால் அதையே எடுத்துக்கொண்டிருந்தேன்.

சின்னவனுக்கு ஏழு வாரம். ஒரு நாள் சாயங்காலம் பால் குடிக்கும்போது நடுநடுவே விட்டுவிட்டான். அழவில்லை. அழுதிருந்தால் பயந்திருப்பேன். சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். நெற்றியில் காட்டினேன், 99.3. திரும்பக் காட்டினேன், 98.4. மூன்றாவது முறை 99.1. மின்விசிறிக்கு நேரே படுத்திருந்தான், நெற்றியில் லேசாக வியர்வையும் இருந்தது. இரண்டுமே அந்தக் கருவியை ஏமாற்றிவிடும் என்று அப்போது தெரியாது. ஆனால் தோளில் சாய்த்தபோது என் கழுத்தில் பட்ட சூடு வேறு மாதிரி இருந்தது. சட்டையைக் கழற்றி, அக்குளைத் துணியால் ஒற்றி, டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை நடுவில் வைத்துக் கையை உடம்போடு அணைத்துப் பிடித்தேன். 100.8.

மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டாலே, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வயதில் எதிர்ப்புச் சக்தி அவ்வளவு குறைவு. பெரிய தொற்றுகூட வெறும் காய்ச்சலாகவும் சோர்வாகவும்தான் வெளியே தெரியும். இது பெரியவள் பிறந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சொல்லி மனதில் இருந்தது. “என்னங்க, கிளம்புங்க” என்று மட்டும் சொன்னேன், என் கணவரும் எதுவும் கேட்கவில்லை. ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்ததில் சிறுநீர்த் தொற்று. ஊசி வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். 99.3 என்ற எண்ணை நம்பி அன்றிரவு தூங்கியிருந்தால் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அதனால் நெற்றித் தெர்மாமீட்டரைக் குறை சொல்லி ஒதுக்கவில்லை. பெரியவளுக்கு நடுராத்திரியில் ஒரு பார்வை பார்க்க அது போதும். ஆனால் அது சொல்வதை வைத்து முடிவெடுப்பதில்லை, சந்தேகம் என்றால் அக்குளில் அளந்துவிடுவேன். அக்குளில் காட்டுவது உடம்பின் உள்சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் பத்து நொடி என்று போட்டிருக்கிறார்கள், பீப் சத்தம் வர எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சத்தமும் பெரிது, தூங்குகிற குழந்தை திடுக்கிட்டு எழுகிறது. திரையில் வெளிச்சமும் இல்லை. இரவில் பயன்படுத்துகிற பொருளுக்கு இந்த இரண்டையும் யோசித்திருக்க வேண்டாமா? பழைய பாதரசக் கண்ணாடித் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் அதைப் பிள்ளைகளுக்கு எடுக்காதீர்கள். பாதரச ஆபத்தால் அவற்றைத் தயாரிப்பதையே 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்று மினமாட்டா ஒப்பந்தத்தில் உலக நாடுகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெரியவளுக்கு இரண்டு வயதில் 103 வந்தபோது மருந்து கொடுத்த முக்கால் மணி நேரத்தில் எழுந்து பொம்மையைத் தேடினாள். அவளுக்கு அது சாதாரண வைரஸ் காய்ச்சல், மூன்றாம் நாள் போய்விட்டது. சின்னவனுக்கு 100.8-தான். எண் ஒன்றைச் சொல்லும், பிள்ளையின் முகம் ஒன்றைச் சொல்லும். நான் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன்.

மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் பந்து பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. முதல் சில மாதம் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது, தூங்க முடியாது. ஆக, பொருளின் தேவை உண்மையானது. ஆனால் அது உள்ளே எட்டிப் பார்க்க முடியாத கெட்டி ரப்பர். பெரியவளுக்கு எடுத்ததை ஒவ்வொரு முறையும் வெந்நீரும் சோப்பும் விட்டுப் பிதுக்கிக் கழுவித்தான் வைத்தேன். சின்னவன் பிறப்பதற்கு முன் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று கத்திரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். உள்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது. இதையா பிள்ளை மூக்கில் வைத்தோம் என்று ஆகிவிட்டது. பிரித்துக் கழுவக்கூடிய ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

இப்போது செய்வது எளிது. உப்புநீர்ச் சொட்டு மருந்து, மருந்துக்கடையில் கிடைப்பது, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. சளி இளகித் தானே வந்துவிடும், பாதி நேரம் தும்மலிலேயே போய்விடும். வரவில்லை என்றால் மட்டும், வடிகட்டி பொருத்திய உறிஞ்சு குழாயால் மெதுவாக உறிஞ்சுகிறேன், அதுவும் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் இல்லை. அடிக்கடி உறிஞ்சினால் மூக்கின் உள்தோல் வீங்கி இன்னும் அடைத்துக்கொள்ளும். சளி என்றாலே இருமல் சிரப் வாங்க ஓடாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு அவற்றால் பலனும் இல்லை, பக்கவிளைவும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஆறு எட்டு தடவை சளி பிடிப்பதும், ஒவ்வொன்றும் பத்து நாள் வரை இழுப்பதும் வழக்கம்தான். இது தெரியாமல் முதல் வருடம் ஒவ்வொரு சளிக்கும் நான் கலங்கினேன்.

எந்தச் சளிக்குக் கலங்க வேண்டும் என்பதைச் சொல்லும் பொருள் பெட்டியில் இல்லை. நொடிமுள் வைத்த கடிகாரம் அல்லது போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். சின்னவனுக்கு ஐந்து மாதத்தில் மூக்கொழுகல் வந்தது. மூன்றாம் நாள் இருமல் கூடியது. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 56. இன்னொரு முறை எண்ணினேன். 54. விலா எலும்புகளுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வரை 40. அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, அல்லது மார்புக்கூடு உள்ளே இழுத்தால், உடனே கூட்டிப் போக வேண்டும். சின்னவனுக்கு வந்திருந்தது பிராங்கியோலைட்டிஸ், நுரையீரலின் மிகச் சிறிய குழல்கள் வைரஸால் வீங்கிச் சளி அடைக்கும் நோய். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆன்டிபயாடிக் தரவில்லை, வைரஸுக்கு அது வேலை செய்யாது என்று விளக்கினார்கள். “எண்ணிட்டு வந்தீங்களே, அதுவே பெரிய உதவி” என்று அந்த டாக்டரம்மா சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் இது கடுமையாக இருக்குமாம்.

குளிர்ச்சிப் பட்டை காய்ச்சலை இறக்காது. நெற்றி குளிரும், உடம்பு அப்படியே கொதிக்கும். பெரியவள் ஒருமுறை பிய்த்து வாயில் வைத்திருந்தாள், நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். ஈறு ஜெல்லில் பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து இருந்தது. ரத்தம் ஆக்சிஜனை எடுத்துச் செல்வதையே அது கெடுத்துவிடலாம் என்பதால் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்திருக்கிறது. பல் முளைக்கும் குழந்தைக்கு என்று விற்கும் பொருள், பல் முளைக்கும் வயதிலேயே கூடாது என்றால் அதைப் பெட்டியில் ஏன் வைத்தார்கள்? சுத்தமான விரலால் ஈறைத் தேய்த்துவிட்டாலே பிள்ளை அமைதியாகிறது. பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வராது, வந்தால் காரணம் வேறு. நகவெட்டி நன்றாக இருக்கிறது. சீப்பும்.

ஓஆர்எஸ் பொட்டலம் வைத்ததற்கு மட்டும் இந்தப் பெட்டியைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பெரியவளுக்குப் பதினான்கு மாதத்தில் வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தது. கொடுத்ததையெல்லாம் கக்கினாள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை 5 மி.லி. என்று போனில் மருத்துவர் சொன்னார். அதே சிரிஞ்ச். இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நானும் என் கணவரும் மாறி மாறி உட்கார்ந்து கொடுத்தோம். டம்ளரில் கொடுத்தபோது நிற்காதது, சிரிஞ்சில் நின்றது. பன்னிரண்டரைக்கு டயப்பர் நனைந்திருந்தது. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு முதல் முறை. அந்த ஈரத்தைத் தொட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொட்டலத்தில் அளவைப் பார்த்துக் கலக்குங்கள். எங்களுடையது ஒரு லிட்டருக்கானது. கொதித்து ஆறிய தண்ணீர் சரியாக ஒரு லிட்டரில் மொத்தப் பொட்டலத்தையும் போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியை எடுத்து ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு கூடியோ குறைந்தோ போகும், கூடினால் ஆபத்து. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மருந்தும் எழுதுவார்கள். பேதி நடுவில் நின்றுவிட்டாலும் மொத்தம் பத்து முதல் பதினான்கு நாள் கொடுத்து முடிக்க வேண்டும், நாங்கள் ஐந்தாம் நாளே நிறுத்தப் பார்த்தோம். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கிய மேற்கு வங்க முகாமில் காலராவுக்கு நரம்பில் ஏற்ற சலைன் பாட்டில் போதாமல் போனபோது, திலீப் மகாலனபிஸ் என்ற மருத்துவர் இந்த உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலந்து வைத்து, வீட்டாரையே ஊட்டச் சொல்லிப் பல உயிர்களைக் காப்பாற்றினார். அன்றிரவு சிரிஞ்சோடு உட்கார்ந்திருந்தபோது அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

கண் குழிவது, அழுதால் கண்ணீர் வராதது, வாய் உலர்வது, உச்சிக்குழி பள்ளமாவது, ஆறு எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பெட்டியோடு வந்த கையேட்டில் இது எதுவுமே இல்லை. “காய்ச்சல் நீடித்தால் மருத்துவரை அணுகவும்” என்று ஒரு வரி. எந்த வயதில், எத்தனை டிகிரியில் என்று போடவில்லை. காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று நான்கு வரி சேர்த்திருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூறில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்கு இது வருகிறது. எங்கள் வீட்டில் வந்ததில்லை. இருந்தும் அந்த நான்கு வரியை நான் கையால் எழுதிக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

வாங்கினால், பட்டையையும் ஜெல்லையும் ரப்பர் பந்தையும் அன்றே எடுத்துப் போட்டுவிடுங்கள். உப்புநீர்ச் சொட்டு, 1 மி.லி. சிரிஞ்ச், தெர்மாமீட்டருக்கு மாற்று பேட்டரி, இன்னும் இரண்டு ஓஆர்எஸ் சேர்த்து வையுங்கள். ஓஆர்எஸ் காலாவதித் தேதியைப் பெட்டியின் வெளியே எழுதி ஒட்டியிருக்கிறேன். மூடியின் உள்பக்கம் இன்னொரு தாள், பிள்ளைகளின் எடைக்கு. அதில் பெரியவளுடைய பழைய எண்கள் வரிசையாக அடிபட்டுக் கிடக்கின்றன. சின்னவனுடையது நேற்று எழுதியது: 8.2 கிலோ.